மச்சானுக்கு வச்ச டைமர்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதான். என் கம்ப்யூட்டர்ல என்னென்ன டைமர் ஓடுதுன்னு பார்த்து, அதையெல்லாம் நிறுத்தணும்.

பத்து நிமிஷ வேலை. கோப்பி ஆறுறதுக்குள்ள முடிச்சிரலாம்னு நெனச்சேன்.

முதல்ல எங்க சேட் ரூமைப் பத்திச் சொல்லிடறேன். என் பொண்டாட்டி வாணியோட அண்ணன் சேகர் மச்சானுக்குத் தங்காக் ஊர்ல துணிக்கடை. ஊரே வாட்ஸ்அப்ல இருக்கு, இவரு மட்டும் இன்னும் பழைய காலத்து சேட் ரூம் ஒண்ணை நடத்திக்கிட்டு இருக்காரு. கல்லாவுல உக்காந்துக்கிட்டே டைப் பண்ணுவாரு. சொந்தக்காரங்க எல்லாம் சாயங்காலம் அங்க தலையைக் காட்டணும். காட்டலைன்னா கோவம் வந்துரும்லா.

அந்த சேட்ல ஒரு வசதி. நாமளே சின்னதா ஸ்க்ரிப்ட் எழுதி, 'இத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை இதைச் சொல்லு'ன்னு டைமர் வச்சிரலாம். நாம இல்லாட்டியும் அது நம்ம பேர்ல சொல்லிக்கிட்டே இருக்கும்.

மச்சான் ஒரு சேலை வித்த கதையை ஆரம்பிச்சா, முந்தானைக்கு வர்றதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துரும். அதனால நான் டைமரை ஓட விட்டுட்டு, மாமாக் கடைன்னு நாங்க சொல்ற முஸ்லிம் டீக்கடைக்கு, இழுத்து ஆத்துற தே தாரேக் குடிக்கப் போயிருவேன். அவரு பேசுவாரு, டைமர் 'ஆமா மச்சான்' போடும். ரெண்டு பேருக்கும் சந்தோஷம்.

ஆனா இந்த ஞாயித்துக்கிழமை மாசாய்ல இருக்கிற கோயில்ல என் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தானே குத்தணும்? வாணிக்கு இருக்கிறது ஒரே அண்ணன். எங்களுக்கு இருக்கிறது ஒரே மடி.

மச்சான் கோவிச்சா லேசுல விடுற ஆளும் இல்ல. நாங்க புது வீடு குடிபோனப்ப, வெத்தல பாக்கோட நேர்ல வந்து கூப்பிடாம பத்திரிகையைப் போன்ல அனுப்பிட்டேன்னு ரொம்ப நாள் எங்க வாசப்படியை மிதிக்கல.

"இன்னைக்கு அண்ணன் காதுகுத்து விஷயமா பேசுவாரு. ஒழுங்கா பேசுங்க. அவரு வரலைன்னா உங்களுக்குத்தான் காது குத்துவேன்"னு சொல்லிட்டு வாணி அடுப்படிக்குப் போயிட்டா.

சரி, டைமரையெல்லாம் நிறுத்திட்டு மனுஷனா பேசலாம்னு உக்காந்தேன். எந்த டைமருக்கு என்ன பேர் வச்சேன்னு சுத்தமா ஞாபகம் இல்ல. பேர் தெரிஞ்சாத்தானே நிறுத்த முடியும்? எல்லாத்தையும் ஒரேயடியா நிறுத்த ஒரு கட்டளை இருக்குன்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. விவரமான ஆளு நானு!

உதவிப் பக்கத்தைப் படிச்சுக்கிட்டு இருக்கும்போதே மச்சான் வந்துட்டாரு. இடுப்பு பிடிச்சுக்கிச்சாம், டாக்டர் தரையில உக்காரவே கூடாதுன்னுட்டாராம். 'பிள்ளைய மடியில வச்சுக்க முடியாமப் போயிருமோன்னு அழுகையா வருது மாப்ள'ன்னு எழுதினாரு.

பாவமா இருந்துச்சு. ஆறுதலா ரெண்டு வார்த்தை எழுதலாம்னு விரலைத் தூக்குறேன், அதுக்குள்ள என் பேர்ல ஒரு வரி போயிருச்சு.

'சூப்பர் மச்சான்! அப்படித்தான் இருக்கணும்!'

குளுவாங்ல இருக்கிற சித்தப்பா 'அலமாக்'னு, அதான் 'அடக்கடவுளே'ன்னு, போட்டாரு.

'மாப்ள, நான் என்ன சொல்றேன், நீங்க என்ன சொல்றீங்க?'ன்னு மச்சான் கேட்டாரு. அடுத்த டைமருக்கு நேரம் வந்துருச்சு. 'ஆமா மச்சான், சரியா சொன்னீங்க.'

எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. உதவிப் பக்கத்துல வழி போட்டிருந்துச்சு. எத்தனை டைமர் ஓடுதுன்னு கேட்கலாம், ஒவ்வொண்ணோட பேர், எப்பப்போ பேசும், என்ன பேசும்னு எல்லா விவரத்தையும் எடுக்கலாம். அவசரத்துல என் பழைய ஸ்க்ரிப்ட்ல இருந்து ஒரு வரியை வெட்டி ஒட்டித் தட்டிட்டேன்.

அருமையா வேலை செஞ்சுது. எனக்கு மட்டும் காட்டாம, மொத்த ரூமுக்கும் காட்டிருச்சு. அது ரூம்ல பேசுறதுக்குன்னு எழுதின வரியாச்சே!

'மச்சான் அறுவை' அப்படின்னு ஒரு டைமராம். ஏழு நிமிஷத்துக்கு ஒரு தடவை 'ஆமா மச்சான்' சொல்லுமாம், நிறுத்துற வரைக்கும். 'மச்சான் பெருமை'ன்னு இன்னொண்ணு, அதுதான் 'சூப்பர் மச்சான்' ஆளு. கடைசியா 'மச்சான் தப்பிச்சேன்'. அது தினமும் ஒன்பது மணிக்கு 'இருங்க மச்சான், பிள்ளை அழுவுது'ன்னு சொல்லிட்டு எனக்கு விடுதலை வாங்கித் தரும்.

ஒன்பது மணியானா பிள்ளை ஏன் அழுவுதுன்னு கவலைப்பட்டு, அந்த மனுஷன் போன மாசம்தான் வசம்பு வாங்கி அனுப்பியிருந்தாரு.

மன்னிப்பு எழுதலாம்னா, ஒரே மூச்சுல இவ்வளவு பேசுறவன் யாருடான்னு சர்வர் என்னைத் தூக்கி வெளிய போட்டுருச்சு. மச்சான் கண்ணுக்கு எப்படித் தெரியும்? மாப்பிள்ளை மனசுல இருந்ததையெல்லாம் கொட்டிட்டு, சொல்லாம கொள்ளாம எழுந்து போயிட்டாரு!

அடுப்படியில வாணி போன் அடிச்சுது. "சொல்லுண்ணா"ன்னு ஒரு சத்தம். கரண்டியோட வந்து ஸ்க்ரீனைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "எங்க அண்ணன்கிட்ட நீங்க பேசினதே இல்லையா?"ன்னு கேட்டா. திட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன்.

அன்னைக்கு மச்சான் என் போனை எடுக்கல. மறுநாள் காலையில தாம்பாளத்துல வெத்தல, பாக்கு, பழம் வச்சு என் கையில குடுத்து, தங்காக்குக்கு அனுப்பிட்டா வாணி. மச்சான் தாம்பாளத்தை வாங்கி வச்சாரு. என் பக்கம் திரும்பாம, வந்த ஆளுங்களுக்குச் சேலையை விரிச்சுக் காட்டிக்கிட்டே இருந்தாரு. நான் ஒரு ஓரமா நின்னுட்டுத் திரும்பி வந்தேன்.

ஞாயித்துக்கிழமை கோயில்ல ஆசாரி ஊசியோட காத்துக்கிட்டு இருக்காரு. நான் வாசலையே பார்த்துக்கிட்டு இருக்கேன். நல்ல நேரம் முடியப் போற சமயத்துல மச்சான் வந்தாரு, கடையில இருந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் கையில தூக்கிக்கிட்டு. அதைப் போட்டு உக்காந்தாரு, பிள்ளைய வாங்கி மடியில வச்சுக்கிட்டாரு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

சாப்பாட்டுக்கு முன்னாடி அவரைத் தனியா கூட்டிட்டுப் போய் மன்னிப்புக் கேட்டேன். நீளமா, உருக்கமா, ஆரம்பத்துல இருந்து சொன்னேன். பொறுமையா கேட்டாரு.

"ஆமா மாப்ள, சரியா சொன்னீங்க"ன்னாரு.

மனசு லேசாச்சு. இனிமே தினமும் நானே உக்காந்து பேசுவேன்னு வாக்குக் குடுத்தேன்.

"சூப்பர் மாப்ள! அப்படித்தான் இருக்கணும்!"

எனக்கு லேசா சந்தேகம் தட்டுச்சு. இருந்தாலும் நிறுத்தாம பேசிக்கிட்டே போனேன். மச்சான் கைக்கடிகாரத்தைப் பார்த்தாரு.

"இருங்க மாப்ள, பிள்ளை அழுவுது"ன்னு சொல்லிட்டு சாப்பிடப் போயிட்டாரு.

திரும்பிப் பார்த்தேன். பிள்ளை வாணி தோள்ல நல்லாத் தூங்கிக்கிட்டு இருந்துச்சு.