கண்ணாடி அறைக்கு ஒரு பட்டம்

"உள்ளே என்னதான் பண்றே?" என்று கணவர் குளியலறைக் கதவைத் தட்டினார்.

"தேவையும் அளிப்பும் எந்த இடத்துல சமமாகுதுன்னு பார்த்துக்கிட்டிருக்கேன்!"

"வெளியிலே தேவை எக்கச்சக்கமா ஏறிக்கிட்டிருக்கு. முதல்ல கதவைத் திற!"

கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்த பெரியக்கா பதறி எழுந்தாள். மடியிலிருந்த பாடப்புத்தகம் நேரே தண்ணீர்த் தொட்டிக்குள் போய் விழுந்தது. வீட்டில் இருப்பது இரண்டு அறை. ஒன்றில் தொலைக்காட்சி கத்தும், இன்னொன்றில் கணவர். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படிக்க இருந்த ஒரே இடம் இதுதான். இதற்கும் போட்டி.

"ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயசுல எதுக்கும்மா உனக்கு இந்தத் தலையெழுத்து?" என்றார் கணவர், அவள் கையில் சொட்டிக்கொண்டிருந்த புத்தகத்தைப் பார்த்து.

"என் தலையெழுத்தை நான் எழுதலை. மேலாபீஸ்ல எவனோ எழுதியிருக்கான்!"

அது உண்மை. ஒரு பார்சல் கம்பெனியின் கிளை அலுவலகத்தில் அவள் தலைமை எழுத்தர். அவளைவிட மூத்தவர்கள்கூட அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எந்த வண்டி எந்தத் தெருவுக்கு, எந்த வாடிக்கையாளருக்கு எந்த நேரத்தில் மூக்கின் மேல் கோபம் வரும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அலுவலகத்தின் நடுவில் கண்ணாடிச் சுவர் வைத்த அறை ஒன்று உண்டு. அதில் உட்காருகிறவர்தான் மேலாளர். அறைக்கு வந்த மேலாளர்களில் இரண்டு பேருக்கு வேலை கற்றுக்கொடுத்ததே பெரியக்காதான். முதலாமவர் கற்றுக்கொண்டு பதவி உயர்வில் போய்விட்டார். இப்போதிருப்பவர் கற்றுக்கொள்ளவும் இல்லை, போகவும் இல்லை. சுழல் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துத் தூங்குவார். இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு.

அந்த நாற்காலி தனக்குத்தான் என்று பெரியக்கா மனசுக்குள் துண்டு போட்டு வைத்திருந்தாள். தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டும் விட்டாள்.

"மேலாளர் ஆகணும்னா பொருளாதாரத்துல முதுகலை இருக்கணும்மா" என்றது போன்.

"பார்சலை வீடு கொண்டு போய்ச் சேர்க்க எதுக்குங்க பொருளாதாரம்?"

"அது விதிம்மா."

"இப்ப இருக்கிறவர் என்ன படிச்சிருக்கார்?"

"அவர் விதிக்கு முன்னாடி வந்தவர்."

பெரியக்காவுக்கு உச்சந்தலை வரைக்கும் சுட்டது. ஆறுதல் சொல்ல வந்தது அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கிற அம்மாள் ஒருத்திதான். துடைப்பத்தைத் தரையில் ஒரு குத்துக் குத்தினாள்.

"இந்த விதியைப் போட்டவன் கை விளங்குமாக்கா? கழுத்து சுளுக்கிக்கிட்டு மூணு நாளைக்குத் திரும்பாமக் கிடக்க மாட்டானா?"

துப்புரவு அம்மாளின் சாபத்துக்கு அங்கே தனி மரியாதை உண்டு. ஒருமுறை மின்விசிறியைத் திட்டினாள், மறுநாள் நின்றது. குடிநீர் போடாத ஆளைத் திட்டினாள். பல்வலியோடு வந்து கேன் இறக்கினான். தலைமை அலுவலகச் சுற்றறிக்கை வேலை செய்கிறதோ இல்லையோ, அவள் வாய் வேலை செய்யும். அன்றைக்கு அந்தச் சாபம் பெரியக்காவின் வயிற்றில் பால் வார்த்தது. அதே வேகத்தில் போய் மாலைக் கல்லூரியில் முதுகலைப் பொருளாதாரத்துக்குச் சேர்ந்து விட்டாள்.

குளியலறை கைவிட்டுப் போனதும், வாசலில் நின்ற கணவரின் கார் கண்ணில் பட்டது. அவர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். இரவில் வண்டி சும்மாதான் நிற்கும். பெரியக்கா உள்ளே ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தாள். என்ன நிம்மதி! ஒரே வாரத்தில் தெருவெல்லாம் பேச்சு. 'புருஷனோட சண்டை. வீட்டுக்குள்ளே கால் வைக்க மாட்டேங்குறா. கார்லதான் குடித்தனம்.'

பேச்சு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்தது. நாத்தனார் பெட்டியோடு வந்து இறங்கினாள்.

"அண்ணி! மானம் போகுது! எதுவா இருந்தாலும் உள்ளே வந்து பேசுங்க!"

"ஒண்ணும் இல்லைம்மா. பணவீக்கம் படிக்கிறேன்."

"வீக்கமா? அண்ணன் கை நீட்டிடுச்சா?"

"ஐயோ, புத்தகம்மா! பாடம்!"

"மறைக்காதீங்கண்ணி. எங்கண்ணன்னு நான் பரிஞ்சு பேச மாட்டேன்."

அன்று முதல் நாத்தனார் அண்ணனோடு பேசுவதை நிறுத்தினாள். அண்ணியைத் தனியே விடக்கூடாது என்று இரவானால் ஓட்டுநர் இருக்கையில் வந்து உட்கார்ந்துகொண்டு, தன் கல்யாணத்திலிருந்து தொடங்கி எல்லாச் சண்டைகளையும் வரிசையாகச் சொன்னாள். பெரியக்கா பொதுநிதிப் பாடத்தில் ஒரு வரி படிப்பதற்குள் நாத்தனார் வீட்டில் இரண்டு பாகப்பிரிவினை முடிந்திருந்தது.

"என் தங்கச்சியே எனக்குச் சோறு போட மாட்டேங்குறா!" என்று கணவர் பொருமினார். "நான் என்ன பண்ணினேன்? கதவைத் தட்டினேன். அவ்வளவுதானே?"

"தட்டினதுலதான் வினையே!"

இனி மிச்சம் அலுவலகம்தான். அங்கேயோ மூச்சு விட நேரமில்லை. தேர்வு வேறு நெருங்கியது. பெரியக்கா விடுப்புக் கேட்டுக் கண்ணாடி அறைக்குள் போனாள். மேலாளர் நாற்காலியைத் திருப்பினார். கையைத் தலையணையாக்கித் தூங்கியதில் கன்னத்தில் கைத்தடம் சிவந்திருந்தது.

"விடுப்பா? நீங்க இல்லேன்னா இந்த ஆபீஸ் ஒரு மணி நேரம் ஓடாதும்மா."

"அப்போ என்னையே மேனேஜர் ஆக்கச் சொல்லி நீங்க எழுதலாமே சார்?"

"உங்களுக்குப் படிப்பு இல்லையேம்மா."

"அதுக்குத்தான் சார் படிக்கிறேன். அதுக்குத்தான் விடுப்பு."

"விடுப்புக் கொடுத்தா ஆபீஸ் யாரும்மா பார்ப்பாங்க?"

பெரியக்கா வெளியே வந்து துப்புரவு அம்மாளிடம் கொட்டித் தீர்த்தாள். "பாரேன் அநியாயத்தை! நான் இல்லேன்னா வண்டி ஓடாதாம். ஆனா நான் மட்டும் ஓட்டக்கூடாதாம்!"

"அந்த நாற்காலி சக்கரம் கழண்டு அவர் கவுந்து விழணும்க்கா."

"விழட்டும். ஆனா நாற்காலி உடையாம விழட்டும். எனக்கு வேணும்."

நான் இல்லாமல் ஓடாதா? ஓட வைக்கிறேன் பார், என்று பெரியக்கா முந்தானையைச் செருகினாள். வாடிக்கையாளர் புகார்களைப் பக்கத்து மேஜை எழுத்தரிடம் தள்ளினாள். எப்போதும் எதையாவது வாய்க்குள் முனகிக்கொண்டிருப்பதால் அந்தப் பெண்ணுக்கு முணுமுணுப்பு என்றே பெயர். போனில் கத்துகிறவனுக்கு இவள் முனகுவது புரியாது. கத்திக் களைத்து, தானே வைத்துவிடுவான். வண்டிகளை அனுப்பும் வேலையை, எல்லாரும் நெட்டையர் என்று கூப்பிடுகிற உயரமான எழுத்தரிடம் கொடுத்தாள். அவர் நின்ற இடத்திலிருந்தே தெருமுனை வரைக்கும் பார்ப்பார். ஓட்டுநர்கள் டீக்கடையில் ஒதுங்குவது அத்தோடு நின்றது. மேலாளர் பார்க்க வேண்டிய காகிதங்களையும் இருவருக்கும் பங்கு போட்டாள். பிறகு விடுப்பு விண்ணப்பத்தை மேஜையில் வைத்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தேர்வெழுதப் போய்விட்டாள்.

அவள் இல்லாத ஆபீஸில் இருக்கப் பயந்து, மேலாளரும் உடம்பு சரியில்லை என்று வீட்டில் இருந்துகொண்டார். தேர்வு முடிந்து பெரியக்கா திரும்பி வந்து பார்த்தால் ஒரு பார்சல் தாமதம் இல்லை. ஒரு புகார் பாக்கி இல்லை.

"பார்த்தியா!" என்றாள் பெரியக்கா துப்புரவு அம்மாளிடம். "அந்த மனுஷர் வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான். இதுக்கு ஒரு கண்ணாடி அறை, ஒரு சுழல் நாற்காலி, பொருளாதாரத்துல முதுகலை!"

இந்தக் கொதிப்பு ஆறுவதற்குள் கல்லூரியில் ஆய்வேடு எழுதச் சொன்னார்கள். ஏதாவது ஒரு பணியிடத்தை எடுத்துக்கொண்டு, பாடத்தில் படித்ததை அங்கே பொருத்திக் காட்ட வேண்டும். ஓர் ஆளை எடுத்துவிட்டால் உற்பத்தி எவ்வளவு குறைகிறதோ அதுதான் அந்த ஆளின் இறுதிநிலை உற்பத்தித் திறன் என்று பேராசிரியர் வகுப்பில் சொன்னபோது, பெரியக்காவின் கண்முன் ஒரே ஒரு ஆள்தான் நின்றார். நிற்கக்கூட இல்லை, சாய்ந்திருந்தார். ஒரே மூச்சில் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தாள். தலைப்பு: 'ஒரு மேலாளர் தூங்கினால் யாருக்கு நஷ்டம்?'

பேராசிரியர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, இது ஆய்வு இல்லை. வசவு."

"உள்ளதைத்தானே சார் எழுதியிருக்கேன்?"

"குறட்டைச் சத்தத்துக்கு அட்டவணை போட்டிருக்கீங்க."

"அளந்துதான் சார் போட்டேன்."

"ஆளை எடுத்துடுங்க. பதவியைப் பத்தி எழுதுங்க. கோபத்தைக் கழிச்சுட்டுப் பார்த்தா விஷயம் பிரமாதமா இருக்கு. தங்கப் பதக்கத்துக்கே அனுப்பலாம்."

தங்கப் பதக்கம் என்றதும் பெரியக்கா இறங்கி வந்தாள். குறட்டை போயிற்று, கைத்தடம் போயிற்று. 'அவர்' என்று வந்த இடத்திலெல்லாம் 'கிளை மேலாளர் பதவி' என்று போட்டாள். முணுமுணுப்பும் நெட்டையரும் 'பகிர்ந்தளிக்கப்பட்ட பொறுப்பு' ஆனார்கள். "இப்ப யார் மனசும் புண்படாது" என்றார் பேராசிரியர். "ஒண்ணே ஒண்ணு. பணியிடத்தைப் பத்தின ஆய்வுன்னா அந்தக் கம்பெனிக்கும் ஒரு பிரதி போகணும். உங்க மேலாளர் கையெழுத்தோட."

பெரியக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆளை எடுத்தால் மட்டும் அவருக்குத் தெரியாதா? கிளைக்கு ஒரு மேலாளர்தானே! படித்துப் பார்த்தாரானால் போகிற போக்கில் நாலு வரி எதிராக எழுதி வைத்துவிட்டுப் போவார். நாற்காலி கைக்கெட்டியும் உட்காரக் கிடைக்காது.

அவர் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஆள் என்ற தைரியத்தில், காகிதக் குவியலின் நடுவில் ஆய்வேட்டைச் செருகி எடுத்துப் போனாள்.

மேலாளர் அன்றைக்கென்று விழித்திருந்தார்.

"ஓய்வு பெறப் போறேன்மா. கடைசிக் காலத்துல ஒரு நல்ல பேரோட போகலாம்னு பார்க்கிறேன். இனிமே எதையும் படிச்சுட்டுத்தான் கையெழுத்து."

"இத்தனை வருஷம் இல்லாம இப்ப எதுக்கு சார் கண்ணைக் கெடுத்துக்கிட்டு?"

"இது என்ன, இவ்வளவு கனமா?" என்று அவர் சரியாக அதையே உருவினார்.

பெரியக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வெளியே துப்புரவு அம்மாள் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் உள்ளே பார்த்தாள். மேலாளர் முதல் பக்கத்தைப் புரட்டினார். 'முன்னுரை' என்று வாய்விட்டுப் படித்தார். 'இறுதிநிலை' என்பது வரைக்கும் போனார். இமை இறங்கியது. நாற்காலி தானாக ஜன்னல் பக்கம் திரும்பியது. பெரியக்கா மூச்சுக்கூட விடவில்லை. வாசலில் ஒரு வண்டி ஹாரன் அடித்ததும் அவர் திடுக்கிட்டு விழித்து, கையெழுத்தைப் போட்டார்.

"ரொம்ப ஆழமா எழுதியிருக்கீங்கம்மா."

நல்ல பேரோடு ஓய்வும் பெற்றார். பெரியக்காவுக்கு முதல் வகுப்பில் பட்டம் வந்தது, பதக்கமும் வந்தது. ஆய்வேடு தலைமை அலுவலகத்துக்குப் போனது. ஒரு வெள்ளிக்கிழமை, தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநரே போனில் வந்தார்.

"பெரியக்காங்களா? நாங்களும் அப்படியே கூப்பிடலாமில்லே? உங்க ஆய்வை எல்லாரும் படிச்சோம். கண்ணைத் திறந்துட்டீங்க!"

"ஏதோ, எனக்குத் தெரிஞ்சதை எழுதினேன் சார்."

"உங்களை மாதிரி ஆளுங்கதான் கம்பெனிக்கு வேணும். மேலாளர் விஷயமா முடிவெடுத்தாச்சு. திங்கட்கிழமை அறையைச் சரி பண்ண தச்சர் வருவார். ஆர்டரும் அன்னிக்கே வந்துடும்."

போனை வைத்ததும் பெரியக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் அந்த நாற்காலிப் பேச்சுதான். மேஜையைக் கதவைப் பார்த்துப் போடுவதா, ஜன்னலைப் பார்த்துப் போடுவதா என்று கணவரும் நாத்தனாரும் அடித்துக்கொண்டார்கள். அதாவது, மறுபடியும் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஜன்னல் பக்கம் மட்டும் வேண்டாம்" என்றாள் பெரியக்கா. "தூக்கம் வரும்."

திங்கட்கிழமை காலை, கணவர் தேய்த்துக் கொடுத்த பட்டுச் சேலையில், அவர் கார் ஓட்ட, நாத்தனார் பின்னால் உட்கார்ந்திருக்க, பெரியக்கா அலுவலக வாசலில் இறங்கினாள். உள்ளே தச்சர் வேலையில் இருந்தார். ஆனால் சரி பண்ணவில்லை. கழற்றிக்கொண்டிருந்தார். கண்ணாடிச் சுவரில் பாதி ஏற்கனவே தரையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சுழல் நாற்காலி கயிறு கட்டி வண்டியில் ஏறிக்கொண்டிருந்தது.

"நெட்டையரே, என்னங்க இது?"

நெட்டையர் தலைமை அலுவலக ஆர்டரை முணுமுணுப்பிடம் கொடுத்தார். முணுமுணுப்பு அதைப் பார்த்து வாய்க்குள் என்னவோ படித்தாள். ஒன்றும் விளங்கவில்லை. துப்புரவு அம்மாள்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எல்லாக் கிளையிலேயும் மேனேஜர் வேலையையே எடுத்துட்டாங்களாம்க்கா. இனிமே மேனேஜரே கிடையாதாம். பெரிய படிப்புப் படிச்சவ எவளோ ஒருத்தி, அந்த வேலை இருந்தாலும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான்னு கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்தாளாம்."

பெரியக்கா பக்கத்திலிருந்த பார்சல் பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்தாள்.

"நீங்க கலங்காதீங்கக்கா" என்று துப்புரவு அம்மாள் துடைப்பத்தை ஓங்கித் தரையில் குத்தினாள். "வெள்ளிக்கிழமை நீங்க வீட்டுக்குப் போனப்புறம் சேதி காதுல விழுந்துச்சு. அப்பவே வயிறெரிஞ்சு சாபம் விட்டுட்டேன். எங்க பெரியக்கா நாற்காலியைப் பிடுங்கினவ எவளா இருந்தாலும் சரி, அவ படிச்ச படிப்பு அவளுக்கே உதவாமப் போகட்டும்னு!"