சம்பந்தி கையில் கொடுத்த கேன்

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் நான் அரசாங்கத்தை ஏமாற்றியிருக்கிறேன். அதுவும் சுத்தமான தண்ணீரைக் கொடுத்து! அழுக்கைக் கேட்டவர்களுக்கு அழுக்கையே கொடுத்திருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது.

மலைமேல் வாழவந்தி நாட்டில் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஒரு விடுதியில் எனக்கு வேலை. அங்கே கக்கூஸ், குளியலறை, சமையல்கட்டு எல்லாவற்றின் கழிவுநீரும் பின்பக்கத் தொட்டிகளுக்கு வந்து சேரும். மோட்டார் ஓடி, தொட்டியின் அடியிலிருந்து காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பிழைத்துக்கொண்டு, அழுக்கைத் தின்று தீர்க்கும். தெளிந்த தண்ணீர் மறுபக்கமாக மரங்களுக்குப் போய்விடும். மோட்டாரைப் பார்த்துக்கொள்வது, சல்லடையில் சிக்கும் குப்பையை அள்ளுவது, தொட்டித் தண்ணீரைக் கண்ணாடி ஜாடியில் பிடித்து அரைமணி நேரம் வைத்து வண்டல் எந்தக் கோடு வரைக்கும் படிகிறது என்று நோட்டில் எழுதுவது, இதெல்லாம் என் வேலை. (நான் ஐந்தாவது வரை படித்தது அந்த நோட்டுக்குத்தான் உதவியது.) எனக்கு மேலே ஆபரேட்டர் ஸ்டீபன் சார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். என் மகன் வயதுதான், ஆனாலும் சார் சார்தான்.

அப்போது எனக்கு ஐம்பத்தேழு வயது. இளங்கன்று! கூச்சமோ சொல்லி மாளாது. புது ஆள் யாராவது பேர் கேட்டால் பாவாயி என்ற என் பேரே எனக்கு மறந்துபோகும். மகளுக்குக் கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா, மலைக்கும் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்கும் ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டர். கல்யாணம் பேசும்போது, "விடுதியில மோட்டார் பார்க்கறனுங்க" என்று மட்டும் சொல்லியிருந்தேன். என்ன தண்ணீர் மோட்டார் என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மாதம் ஒரு தடவை தண்ணீரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். எப்போதும் ஸ்டீபன் சாரே கொண்டுபோவார். அந்த மாதம் அவர் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று ஊருக்குக் கிளம்பினார். என் கையில் இரண்டு வெள்ளைக் கேன்களைக் கொடுத்தார்.

"அம்மா, ஒண்ணுல உள்ள வர்ற தண்ணி, இன்னொண்ணுல வெளிய போற தண்ணி. காலை பஸ்ல குடுத்து விட்ருங்க. கீழே லேப் ஆளு நின்னு வாங்கிக்கிடுவாரு. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! காலை பஸ் என்றால் சம்பந்தி பஸ்.

மறுநாள் இரண்டு கேனையும் ஒழுங்காகத்தான் பிடித்தேன். மூடியபிறகும் முதல் கேன் தன் பிறந்த இடத்தை மறைக்கவில்லை. ரோட்டுக்கு நாலு எட்டு வைத்தவள் நின்றுவிட்டேன். இரண்டு மாதம் முன்னால் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்ட கை. அந்தக் கையிலா ஊர்ப் பிள்ளைகளின் கக்கூஸ் தண்ணீரைக் கொடுப்பது? என் மகள் அந்த ஊட்டில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பாள்?

திரும்பிப் போய் இரண்டையும் தொட்டியிலேயே கவிழ்த்தேன். சாம்பலும் புளியும் போட்டுப் பளபளவென்று தேய்த்தேன். மேட்டு ஊற்றில் முங்க முங்க நிரப்பினேன். (லேப் ஆளும் மனுசன்தானே, நல்ல தண்ணீரைப் பார்த்தால் சந்தோசப்படட்டும் என்று வேறு நினைத்தேன்.)

பஸ் வந்தது. சம்பந்தி கேன்களைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சம்பந்தி, ஊத்துத் தண்ணிங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"கீழே யாருக்குங்க?"

"ஒரு சார் வந்து வாங்கிக்குவாருங்க."

"பாருங்களேன், நம்ம தண்ணிக்கு எங்கெங்கிருந்து ஆளு வருது!" என்று பெருமையாக மடியில் வைத்துக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்து ஒரு ஜீப் வந்தது. இறங்கியவர் நாமக்கல் மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசிலிருந்து வந்த இன்ஜினியர் மேடம். ஸ்டீபன் சாரிடம் ஒரு தாளை நீட்டினார்.

"மிஸ்டர் ஸ்டீபன், உள்ள வர்ற தண்ணியும் வெளிய போற தண்ணியும் ஒரே மாதிரி இருக்கு. ரெண்டையும் குடிக்கலாமாம். ஏன் சார், இந்த விடுதியில யாரும் கக்கூஸே போறதில்லையா?"

நான் மோட்டார் ரூம் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

கழிவுநீர் தொட்டிக்கு வராமல் எங்கேயோ ஓடையில் கலக்கிறது என்று மேடத்துக்குச் சந்தேகம். கக்கூஸில் பச்சைச் சாயத்தை ஊற்றச் சொன்னார். வார்டன், சமையல்காரர், பிள்ளைகள் எல்லோரும் தேர் வருவதைப் பார்ப்பதுபோலத் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் குழாயிலிருந்து கிளிப்பச்சையாகக் கொட்டியது. பிள்ளைகள் கைதட்டிக் குதித்தார்கள். மேடம் முகம் மட்டும் இறுகியது.

"அப்ப குழாய் சரியாத்தான் இருக்கு. சாம்பிள்தான் பொய். சோதனைக்குப் பயந்து நல்ல தண்ணிய அனுப்பியிருக்கீங்க. மேல எழுதப் போறேன், உங்க வேலை போகும்."

"என் பிள்ளை மேல சத்தியமாச் சொல்லுதேன் மேடம், எனக்குத் தெரியாது!" என்றார் ஸ்டீபன் சார். அப்போதும் என்னைக் கைகாட்டவில்லை. நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"கொண்டுபோனது யாரு?" என்றார் மேடம்.

"பஸ்ல போச்சுங்க" என்றார் வார்டன். அந்த நேரம் பார்த்து அதே பஸ் மதிய நடைக்கு வந்து ஹாரன் அடித்தது. கண்டக்டரைக் கூப்பிட்டால், கூடவே பஸ்ஸே இறங்கி வந்தது.

"கண்டக்டர், போன தடவை ரெண்டு கேன் கொண்டுபோனீங்களே, அதுல இருந்தது இந்த விடுதிக் கக்கூஸ் தண்ணி. வழியில யாராவது மாத்தினாங்களா?"

சம்பந்தி தொட்டியைப் பார்த்தார். அது இன்னும் பச்சையாக நுரைத்துக்கொண்டிருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம்… மாத்தலீங்க. நான் அதுல நாலு மடக்கு குடிச்சனுங்களே!"

"என்னது!"

"வளைவுல ஒரு புள்ள வாந்தி எடுத்துச்சுங்க. வாய் கொப்பளிக்கக் கொடுத்தேன். டிரைவரும் குடிச்சாரு. இனிப்பா வேற இருந்துச்சு… ஐயோ சாமி!"

சொல்லிக்கொண்டே பலாமரத்தைப் பார்த்து ஓடினார். பின்னாலேயே டிரைவரும் ஓடினார். பிள்ளைகளுக்கு அன்றைக்குத் திருவிழா.

ஒரு பக்கம் ஸ்டீபன் சார் வேலை. ஒரு பக்கம் சம்பந்தி குடல். நடுவில் என் கூச்சம். கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, மலை அதிரக் கத்தினேன்:

"அது ஊத்துத் தண்ணிங்க! நாந்தானுங்க மாத்துனேன்! சம்பந்தி கையில எப்படிங்க கக்கூஸ் தண்ணியக் கொடுக்கறது?"

ஐம்பத்தேழு வருசம் சேர்த்துவைத்த சத்தம் அது. ஊற்றுக்கே கேட்டிருக்கும்.

மேடம் என்னைப் பார்த்தார். மரத்தடியில் குனிந்திருந்த சம்பந்தியைப் பார்த்தார். பிறகு தொட்டிச் சுவரில் உட்கார்ந்து, கண்ணீர் வரச் சிரித்தார். "அம்மா, இந்தத் தொழில்ல அழுக்குதாம்மா சாட்சி. அதைக் கழுவிட்டா நாங்க எதைப் பார்க்கிறது?" என்றார்.

அவர் கண்ணெதிரில் மறுபடி இரண்டு கேன் பிடித்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு நானே சம்பந்தி கையில் கொடுத்தேன். அன்றைக்குக் கடைசி சீட்டு முழுவதும் அந்த இரண்டு கேன்களுக்குத்தான். எழுபது வளைவுக்கும் யாரும் பக்கத்தில் உட்காரவில்லையாம். அடுத்த வாரம் தாள் வந்தது. உள்ளே வந்தது மகா மோசம், வெளியே போனது நல்ல சுத்தம். ஸ்டீபன் சார் அந்த மகா மோசத்தை இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மகளுக்கு ஒரு குறையும் வரவில்லை. ஆனால் சம்பந்தி இன்றைக்கும் எங்கள் ஊட்டுக்கு வந்தால், நான் சொம்பை நீட்டியதும் வாங்கமாட்டார். "முதல்ல நீங்க ஒரு மடக்குங்க சம்பந்தி" என்பார். நான் அண்ணாந்து குடித்துக் காட்டவேண்டும். அப்புறம்தான் அவர் குடிப்பார். ஊடு முழுக்கச் சிரிக்கும்.

போன மாதம் பக்கத்து ஊட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் இதைப் பார்த்துவிட்டார்கள். இந்த மலையில் சம்பந்திக்குச் செய்கிற மரியாதை இதுதான்போல என்று நினைத்திருக்கிறார்கள். நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் அம்மா சொம்பை எடுத்தார், சபை நடுவில் பயபக்தியோடு ஒரு மடக்குக் குடித்தார், பிறகுதான் பெண்ணின் அப்பாவிடம் நீட்டினார். அவரும் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.