குடிக்காதவன் திருந்திய கதை

நான் குடிப்பதில்லை. பீர் நுரைகூட இந்த உதட்டில் பட்டதில்லை. இதற்காக இராஜபாளையத்தில் ஒருத்தராவது என்னைப் பாராட்டியதுண்டா? கிடையாது. ஆனால் போன வாரத்திலிருந்து, குடியை விட்டுவிட்டேன் என்று தெருவே பாராட்டுகிறது. பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு!

ஆரம்பித்து வைத்தவர் எதிர்வீட்டுச் சிவனாண்டி. காலையில் கடைக்குக் கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சாமி, இனிம அந்தக் கருமத்தத் தொடாதப்பா."

"எந்தக் கருமத்த?"

"அதான்... பாட்டில. எம் மருமக ஸ்டேட்டஸ்ல பாத்துட்டுச் சொன்னா."

போனை எடுத்துப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் என் போட்டோ. அடியில் ஆங்கிலத்தில், 'மை ஹஸ்பண்ட் இஸ் ஆன் தி வேகன்.' போட்டவள் என் மனைவி மாரிச்செல்வி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர்.

சாயங்காலம் அவள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் வாசலிலேயே மறித்தேன்.

"ஏட்டி, வேகன்னா என்ன?"

"வண்டிங்க. அந்தக் காலத்துல அமெரிக்காவுல புழுதி அடங்க ரோட்டுல தண்ணி தெளிச்சிட்டுப் போவுமாம். சாராயத்துக்கு அந்த வண்டித் தண்ணி தேவலன்னு சொல்லுவாகளாம். அதான் ஆன் தி வேகன்."

"யாரச் சொல்லுவாக? குடிக்காதவனயா, குடிச்சிட்டு விட்டவனயா?"

"குடிச்சிட்டு விட்டவுகளத்தான்... அய்யய்யோ! ஆமால்ல? கவனிக்கலைங்க."

ஒரு கமா விட்டாலே மார்க்கைக் குறைக்கிறவள் கவனிக்கவில்லையாம்!

"வெள்ளக்காரன் தண்ணி வண்டில ஏறுனா திருந்திட்டான். நம்மூர்ல தண்ணி வண்டின்னா மொடாக்குடியன். ரெண்டு பாஷையிலயும் எம் மானத்த வாங்கிட்டியே!"

"கத்தாதீக. நாளைக்குத் தன்னால மறைஞ்சிரும்."

ஸ்டேட்டஸ் மறைந்தது. பேர் மறையவில்லை. "நான் குடிச்சதே இல்ல" என்று சிவனாண்டியிடம் தொண்டை கிழியச் சொன்னேன். "எல்லாரும் மொதல்ல அப்படித்தாம்ப்பா சொல்லுவாக" என்று தோளைத் தட்டினார்.

சரி, ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். தேவதானம் பக்கம் என் கூட்டாளி காசிராஜனின் தோப்பு. ஞாயிறுதோறும் அவனும் எட்வினும் குடிப்பார்கள், நான் தின்பேன். மட்டன் சுக்கா, குடல் வறுவல். போதையில் இருப்பவன் எவ்வளவு தின்றுவிடுவான்? பாதிச் சட்டி எனக்குத்தான். ரத்தத்தில் கொழுப்பு என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து வீட்டில் கோதுமைக் கஞ்சியும் கீரையும்தான். அந்தத் தோப்பு இருப்பதால்தான் நான் உயிரோடு இருக்கிறேன்.

தோப்பு வாசலிலேயே எட்வின் கையை நீட்டி மறித்தான்.

"ஏலே, எதுக்கு வந்த?"

"திங்கத்தாம்லே!"

"வேண்டாம்லே. வாசம் பட்டா மனசு மாறிரும். எம் பொண்டாட்டியும் உங்க வீட்டம்மாவும் ஒரே ஸ்கூலு. கொன்னுருவாக என்னய."

"கிறுக்குப்பயலே! நான் என்னைக்குலே குடிச்சேன்? உங்க ரெண்டு பேரு கண்ணு முன்னாலதானலே ஒக்காந்திருந்தேன்!"

எட்வின் காசிராஜனைப் பார்த்தான். காசிராஜன் தலையைச் சொறிந்தான்.

"நீ குடிக்கலன்னு எவம்லே பாத்தான்? பாக்கிற நெலமையில எவன் இருந்தான்?" என்றவன் முகம் திடீரென்று மலர்ந்தது. "அதான பாத்தேன், பாட்டிலு அம்புட்டுச் சீக்கிரம் எப்படிக் காலியாவுதுன்னு!"

உள்ளே சுக்கா வதங்கும் வாசம். வெறும் வயிற்றோடு பைக்கைத் திருப்பினேன்.

வீட்டில் தட்டில் கீரை காத்திருந்தது.

"தெரிஞ்சுதானட்டி போட்ட?"

"பொறவு? டாக்டர் சொன்னத வீட்டுல மட்டும் கேட்டீக. தோப்புல கேக்கலயே."

"அப்ப கறிய விட்டுட்டாருன்னு போட வேண்டியதுதான?"

"போட்டா? 'ஒரு துண்டு திங்கறதுல என்னலே'ன்னு எலும்போட வச்சிருப்பாக. குடிய விட்டவரத்தான் கூட்டாளியே கிட்ட சேக்கமாட்டான்." கஞ்சியை ஊற்றினாள். "ஆறுறதுக்குள்ள குடிங்க."

ஆத்திரம் தலைக்கேறியது. டம்ளரை எடுத்தேன். கை கிடுகிடுவென்று நடுங்கி, கஞ்சி வேட்டியெல்லாம் சிந்தியது.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சிவனாண்டி மாரிச்செல்வியிடம் மெல்லச் சொன்னார்: "பயப்படாத தாயி. விட்ட புதுசுல கை அப்படித்தான் நடுங்கும்."