முகம் பார்க்கும் மேடை

சேலையூர் நவரத்தின நகரின் வரலாற்றில் ஈடுசெய்ய முடியாத இழப்பு ஒன்று நேர்ந்துவிட்டது என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. 1991 ஆகஸ்ட் ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு, நகர் நலச் சங்கத் துணைத் தலைவர் கேசவன் வீட்டுச் சமையல் மேடையில் கீறல் விழுந்தது.

மற்றவர்கள் வீட்டில் வெறும் கடப்பைக்கல். கேசவன் வீட்டில் மட்டும் கல்லுக்கு மேல் எவர்சில்வர் தகடு. வருகிற விருந்தாளிகளுக்கு அவர் பூஜையறையைக் காட்டுவதற்கு முன் அதைத்தான் காட்டுவார்.

குற்றவாளி, பாத்திரம் தேய்க்கும் சரசு. ஆயுதம், தேங்காய் நார்.

"நாருக்கு எங்கியாவது கோடு வியுமா சார்? நீதான அது மேல சாவிக்கொத்த இஸ்துகினு போன" என்றாள் சரசு.

கண்ணால் கண்டதைச் சொன்ன குற்றத்துக்காக அவள் அன்றே வேலைநீக்கம் செய்யப்பட்டாள். துலக்குவது ஒரு விஞ்ஞானம், அது படிக்காதவர்களுக்கு வராது என்று மனைவி அபிதகுஜாம்பாளிடம் கேசவன் விளக்கினார். அரசு அலுவலகத்தில் தட்டச்சுப் பிரிவுக் கண்காணிப்பாளர் அல்லவா, விஞ்ஞானம் அத்துப்படி.

முதலில் எலுமிச்சையும் உப்பும் தேய்த்து, ஊறட்டும் என்று விட்டுவிட்டுத் தூங்கினார். கீறல் அப்படியே இருந்தது. சுற்றிலும் வெள்ளைத் திட்டுகள். திட்டுகளுக்கு உப்புத்தாள் போட்டார். திட்டுகள் போய் ஆயிரம் கீறல்கள் வந்தன. அந்தக் கூட்டத்தில் பழைய கீறலைக் கண்டுபிடிக்க முடியாததால், அதை அவர் வெற்றியாகவே எடுத்துக்கொண்டார். மூன்றாவதாக, கக்கூஸ் கழுவும் ஆசிட். தகடு கறுத்து, நடுவில் மயில்கழுத்து நிறம் கண்டது.

"கலர் நன்னாத்தான் இருக்கு" என்றாள் அபிதகுஜாம்பாள். "இனிமே மாவு பிசையறது எங்க, உங்க மடியிலயா?"

புதன்கிழமை சங்கக் கூட்டம். வரப்போகிற செயலாளர் தேர்தலில் கேசவனை எதிர்த்து நிற்கும் ஜெபசீலன், தன் வீட்டு மேடையைக் காப்பாற்ற முடியாதவர் நகரைக் காப்பாற்றப் புறப்பட்டிருப்பதாக வருத்தத்தோடு குறிப்பிட்டார். சரசு இப்போது அவர் வீட்டில் பாத்திரம் தேய்த்தாள்.

கேசவன் எழுந்தார். "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு எல்லாரும் வீட்டுக்கு வாங்க. மேடையில உங்க மூஞ்சி தெரியலேன்னா நான் தேர்தல்லேருந்து விலகிக்கறேன். தெரிஞ்சா, ஜெபசீலன் சார் விலகணும்."

"சரி சார்" என்றார் ஜெபசீலன். "வரும்போது சீப்பு கொண்டு வரேன்."

இனி எஞ்சியது இறுதி ஆய்வு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் புளி, சீயக்காய், விபூதி, செங்கல்பொடி நான்கையும் குழைத்து ஒரு விரல்கடை கனத்துக்குத் தகடு முழுக்கப் பூசினார். மேலே ஈரச்சாக்கு. ஞாயிறு வரை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு. சனிக்கிழமை குன்றத்தூர் போய் முருகனுக்கு அர்ச்சனை செய்துவிட்டு, பஸ் மாறி மாறி இருட்டுகிற நேரத்துக்கு வீடு திரும்பினார். விஞ்ஞானத்துக்கும் ஒரு துணை வேண்டும்.

ஞாயிறு பத்து மணிக்கு எட்டுப் பேர் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். தலைவர்களின் சிலையைத் திறக்கும் பாவனையில் கேசவன் சாக்கின் முனையைப் பிடித்து இழுத்தார்.

கண் கூசியது. கீறல் இல்லை, திட்டு இல்லை, மயில் இல்லை. பூசிய கலவையைக்கூடக் காணவில்லை.

கேசவனே ஒரு கணம் திகைத்தார். ஒரே ஒரு கணம்தான்.

"உலோகம் சத்தையெல்லாம் உள்ள இழுத்துடுத்து" என்றார்.

ஜெபசீலன் குனிந்து பார்த்தார். முகம் தெரிந்தது, அது வாடுவதும் தெரிந்தது. சீப்பைப் பையிலிருந்து எடுக்காமலே கேசவனின் கையைக் குலுக்கி, போட்டியிலிருந்து விலகுவதாகச் சொன்னார். இரண்டு பேர் கலவையின் அளவு கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். சீயக்காய் இரண்டு கைப்பிடிக்கு மேல் போகக் கூடாது என்றும், இது பெண்களிடம் விடுகிற காரியம் அல்ல என்றும் கேசவன் எச்சரித்தார். அபிதகுஜாம்பாள் எட்டுப் பேருக்கும் காபி கொடுத்தாள்.

கொல்லைப்பக்கம் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. பம்மலில் தகரப் பட்டறை வைத்திருக்கும் ஏசுபாதம் சமையலறைக்குள் தலையை நீட்டினார்.

"அக்கா, நேத்து கயட்டிப் போட்ட பழைய தகடு கெணத்தாண்ட கீதே, அத்த எட்த்துகினு போவட்டா?"