குப்பம்மா காட்டிய இடம்

அன்பு மச்சான் ரகுபதிக்கு,

காத்திவாக்கத்திலிருந்து மாமா சுப்பராயன் எழுதுவது. கடற்காற்றின் தயவில் நானும் உன் அக்கா குப்பம்மாவும் சௌக்கியம். கொடுங்கையூர்ப் புகையையும் மீறி நீயும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க எல்லையம்மனை வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பக்கம் எங்களுக்கு ஒரு வாடகை வீடு பார். சின்னதாக இருந்தாலும் போதும். ஏன் என்று கேட்காதே. கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

"உங்கள் ஊருக்கு என்ன வேண்டும் என்று நீங்களே திட்டம் போடுங்கள், நிதி நாங்கள் தருகிறோம்" என்று ஓர் அறக்கட்டளை அறிவித்ததை நீதானே எனக்குப் போனில் அனுப்பினாய்? அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவனுக்கு வேறு வேலை என்ன, ஊர் நலச் சங்கத்துக்கு நானே செயலாளர் ஆனேன். என்ன வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உன் அக்காவும் மற்றப் பெண்களும் விடிந்தும் விடியாமலும் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஓலைப் பறிக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு, கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். கரையேறினால் வியாபாரி வரும்வரை வெட்டவெளி வெயில். போன சித்திரையில் அவள் அங்கேயே மயங்கி விழுந்தாளே, நீ மறந்திருக்க மாட்டாய். அவளுக்கு ஒரு கூரை வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஆசைக்கு அளவு உண்டா? சாயங்காலம் ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்தால் போதும், கொட்டகை தானாக எழும்பும். நீலத் தரை, எந்தப் பக்கமும் சுவர் இல்லாமல் காற்று, குழாயில் நல்ல தண்ணீர். பூவம்மாவும் அங்கம்மாவும் காலை நீட்டி உட்கார்ந்து இறால் பிரிக்கிறார்கள். உன் அக்கா தூணில் சாய்ந்து கண்ணை மூடியிருக்கிறாள். அனல்மின் நிலையத்துப் புகைகூட அப்போது எனக்கு மழைமேகமாகத்தான் தெரியும். கொசு கடித்தால்தான் கொட்டகை கலையும். எங்கே விட்டேன்?

ஆம், நிபந்தனை. ஊர்க்காரர்களே வரைபடம் வரைந்து, எங்கெங்கே தொழில் செய்கிறார்கள் என்று குறிக்க வேண்டும். கட்டடம் அதற்குப் பக்கத்தில்தான் வரும். பெரிய தாளை விரித்தேன். அங்கேதான் சனி பிடித்தது. எங்கே மீன் கிடைத்தது என்று நம் ஜனம் பெற்ற தாய்க்குக்கூடச் சொல்லாது. அது தெரிந்திருந்தும், ஊரே சுற்றி நிற்க, இடத்தைக் குறி என்று பேனாவை நீட்டினேன். ஆளாளுக்கு வாங்கினார்கள், அக்கம்பக்கம் பார்த்தார்கள், கூசாமல் குறித்தார்கள். படகுக்கார வெற்றி ரயில் பாலத்துத் தூணின்மேலேயே ஒரு மீனை வரைந்தான். பூவம்மா முள்ளுப் புதருக்குள் இறாலை வைத்தாள். வெற்றியைத் தனியாக இழுத்துக் கேட்டேன்.

"இன்னா மாமு, வெவரம் இல்லாம கேக்குற. கரீட்டா சொன்னா விடிஞ்சதும் அத்தினி பேரும் அங்க வந்து நிப்பானுங்க. அப்பால நா சேத்தத் தடவிகினு நிக்க வேண்டியதுதான்" என்றான்.

நானோ கொட்டகைக்கு என்ன நிறம் பூசலாம் என்ற யோசனையில் அந்தப் படத்தை அப்படியே அனுப்பிவைத்தேன்.

இன்று மோகனப்ரியா என்று ஒரு பெண், அறக்கட்டளை அதிகாரி, நேரில் பார்க்க வந்தது. படகில் ஏற்றிப் போனோம். என்ன அழகு மச்சான், தண்ணீர் அசையவே இல்லை, புகைபோக்கிகள் எல்லாம் தலைகீழாகத் தூங்கின, எனக்கும் கண் சொக்கியது. அந்தப் பெண் மட்டும் விழித்திருந்தது. குறித்த இடமெல்லாம் ஒன்று தூண், இல்லையென்றால் முள், இல்லையென்றால் தண்ணீரே இல்லாத சேறு. கரைக்குத் திரும்பியதும் சொன்னது:

"ஐயா, இதுல ஒரு இடம்கூட நிஜமில்ல. இப்படியே எழுதினா நிதி வேற ஊருக்குப் போயிடும். யாராவது ஒருத்தர் உண்மையான இடத்தைச் சொல்லுங்க."

ஊரே கூடி நிற்கிறது. எல்லாரும் வானத்தில் பருந்தைப் பார்த்தார்கள். என் கொட்டகை தூண் தூணாகச் சரிந்தது. அப்போது உன் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"எம்மா, நா சொல்றேன், எழுதிக்க. அதோ பழைய படகுத்துறைக்கு எதிர்ல மேடு கீதே, அதுக்குக் கீழதான் நா எறா புடிக்கிறேன். காலைல புடிச்சது, பாத்துக்க" என்று பறியைச் சாய்த்துக் காட்டினாள். உள்ளே இறால் துள்ளியது.

மோகனப்ரியா பறியைப் பார்த்தது, மேட்டைப் பார்த்தது, படம் எடுத்தது. அந்த மேட்டிலேயே கட்டலாம் என்று பரிந்துரை எழுதிக் கையெழுத்தும் போட்டது. ஊர் கை தட்டவில்லை. மேட்டை மனப்பாடம் செய்துகொண்டிருந்தது.

ரகுபதி, எனக்கு அழுகை வந்துவிட்டது. கட்டிய புருஷன், எனக்கே காட்டாத இடம். மற்றப் பெண்கள் நிழலில் உட்காரட்டும் என்று அதை ஊருக்கே கொடுத்துவிட்டாள். நாளை விடிந்தால் மொத்த ஊரும் அங்கே இறங்கும், பிறகு கூனி இறால்கூட மிஞ்சாது. கொட்டகை இருக்கும், உட்கார்ந்து பிரிக்க அவளுக்கு இறால் இருக்காது. என் ஆசைக்கு அவள் பிழைப்பு போய்விட்டது. அவளோ சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாள், அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. செயலாளர் பதவியை உதறிவிட்டு அவளை அங்கே அழைத்து வந்துவிடுகிறேன். பென்ஷனில் கஞ்சி குடிப்போம்.

உன் மனைவி கார்குழலிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். அம்மன் உங்கள் வீட்டு அடுப்பை அணையாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்த உன் மாமா,
சுப்பராயன்

பி.கு.: வீடு பார்க்க வேண்டாம். விடிந்ததும் இதைத் தபாலில் போடக் கிளம்பியபோது பார்த்தேன், மேட்டடியில் ஊரே முழங்கால் தண்ணீரில் நின்று தடவிக்கொண்டிருக்கிறது. வெற்றிக்கு ஒரு பழைய செருப்பு கிடைத்திருக்கிறது. உன் அக்கா வேறு எங்கிருந்தோ பறி நிறைய இறாலோடு வந்து மேட்டில் ஏறி நிற்கிறாள். "அப்போ நேத்து சொன்னது பொய்யா?" என்றேன். "மழத்தண்ணி ஏறாத மேடு இது ஒண்ணுதான். கொழா பக்கத்துல கீது, வியாபாரி வண்டியும் வந்துடும். கொட்டாய் இங்கதான் வரணும். எறா எங்க கீதுன்னு கொட்டாய்க்கு இன்னாத்துக்குத் தெரியணும்?" என்றாள். அப்படியானால் உன் இடம் எதுதான் என்று மெதுவாகக் கேட்டேன். "உன்னாண்ட சொன்னா நீ ரகுபதிக்கு லெட்டர் போடுவ" என்றாள்.