தனகோடிக்கு வந்த போன்

திருட்டுப் போனதைத் திருட்டுப் போன அன்றைக்கே கண்டுபிடித்தவர்கள் உலக வரலாற்றில் மிகச் சிலரே. அந்தச் சிலரில் ஒருவர் ஆம்பூரில், தோல் குடோனுக்கு மேல்மாடியில் ஆபீஸ் வைத்திருப்பது நமக்குப் பெருமை. பெயர் பரணிதரன். ‘நிறுவனர்’ என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்.

அவருடைய ஆப்பில் காலைப் போட்டோ எடுத்து அனுப்பினால், அந்தக் காலுக்கென்றே செருப்பு தைத்து வரும். ஆணி, வெடிப்பு, ஆறாத சர்க்கரைப் புண் என்று நாலாயிரம் பேர் நம்பி எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதைக் காக்க நிறுவனர் செய்த ஏற்பாடு அபாரம். பட்டியலின் நடுவே ஒரு பொய் ஆளைச் சேர்த்தார்: தனகோடி, நாட்றம்பள்ளி, இடது கால் ஆறு, வலது கால் பதினொன்று. அவருடைய ‘நம்பர்’ உள்ள பட்டன் போன், வாடிக்கையாளர்களிடம் பேசும் ஹேமலதாவின் மேஜையில் இருந்தது. இல்லாத ஆளுக்கு யார் போன் செய்வார்கள்? செய்தால், பட்டியல் களவு போய்விட்டது என்று அர்த்தம்.

திங்கட்கிழமை பத்தே காலுக்கு அது அடித்தது.

“தனகோடி சார் இருக்காரா? செருப்புக் கம்பெனிலேர்ந்து பேசறோம். அவரு வலது கால் சைஸ் ரொம்ப ஜாஸ்தி. பாதி விலைக்கு ஸ்பெஷல் செருப்பு இருக்கு. ஓடிபி வரும், சொல்லுங்க.”

“அவரு குளிக்கிறாரு” என்று வைத்துவிட்டு ஹேமலதா உள்ளே ஓடினாள். “சார், தனகோடிக்குப் போன் வந்துடுச்சி.”

பிள்ளைக்கு மெடிக்கல் சீட் கிடைத்தவர் போல நிறுவனருக்குக் கண் கலங்கியது. இனிப்புக்கு மக்கன் பேடா வாங்கிவர ஆள் அனுப்பினார். “எத்தினி செகண்ட்ல கண்டுபுடிச்சோம்? எழுதி வை.”

“எல்லாருக்கும் மெசேஜ் போட்டுடலாமா சார்? ஓடிபி சொல்லாதீங்கன்னு. ஒரு வரி போதும்.”

“அவசரப்படாத. கம்பெனியில முதல் போடறவங்க வெள்ளிக்கிழமை வர்றாங்க.”

உடனே அவசரக் கூட்டம் கூடியது. அவசரமாக இரண்டு நாள் நடந்தது. ‘திருட்டு’ என்ற சொல் கடுமையானது என்று கருதப்பட்டது. ‘கசிவு’ என்று எழுதினால், தோல் பதனிடும் ஊரில் மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசிலிருந்து ஆள் வந்துவிடும். கடைசியில் ‘தகவல்களின் எதிர்பாராத வெளியூர்ப் பயணம்’ ஏகமனதாக நிறைவேறியது. மெசேஜ் மட்டும் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு என்று ஒத்திவைக்கப்பட்டது.

புதன்கிழமை சாயங்காலம் பள்ளிகொண்டாவிலிருந்து டியூஷன் டீச்சர் பில்கிஸ் பேசினார்.

“இன்னாம்மா ஹேமா, உங்க ஆளு என் புண்ணு எந்த விரல்லன்னு கரெக்டா சொன்னாரு. நீதான் பேசச் சொன்னேன்னு நெனச்சி ஓடிபிய சொல்லிட்டேன். பேங்க்ல இப்ப ஒண்ணுமே இல்ல. காலு ஆபரேஷனுக்கு வெச்சிருந்ததும்மா.”

ஹேமலதா போனை வைத்தாள். அந்தப் புண்ணைப் பட்டியலில் ஏற்றியவள் அவள்தான். ‘எங்ககிட்ட பத்திரமா இருக்கும் ஆன்ட்டி’ என்று சொன்னவளும் அவள்தான். நேரே நிறுவனரிடம் போனாள்.

“சார், இப்பவாவது அனுப்பலாமா?”

“இன்னும் ரெண்டே நாளு. பேஜார் பண்ணாத.”

முதல் போடுகிறவர்கள் வெள்ளிக்கிழமை வந்தார்கள். நாற்பதே செகண்டில் கண்டுபிடித்த சாதனையைக் கேட்டுக் கைதட்டினார்கள். ஒருவர் மட்டும், “வாடிக்கையாளர்களுக்குத் தெரியப்படுத்திட்டீங்களா?” என்றார்.

நிறுவனர் புன்னகையோடு திரும்பினார். “ஹேமா, நீயே சொல்லும்மா.”

ஹேமலதா எழுந்து நின்றாள். “தெரியப்படுத்தியாச்சு சார். ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, பேர் சொல்லி, கால் வலி எப்படி இருக்குன்னுகூட விசாரிச்சாச்சு. எல்லாம் திருடனுங்க பண்ணாங்க. நாங்க ஒருத்தருக்கும் பண்ணல.”