பதினாலாம் கட்டத்தில் ஒரு கரடி

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. அதை விடுங்கள், அது பாட்டுக்குத் தூங்கட்டும். அதற்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை. அதே காட்டில், ஊற்றுப்பாறை என்ற இடத்தில், ஒரு பனங்காய்ச் சங்கம் இருந்தது. கதை அதைப் பற்றியது.

பனங்காய் ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். ஒரு பனங்காயைத் தூக்கிக்கொண்டு ஓடி, எதிராளியின் கோட்டைத் தாண்டி மண்ணில் வைக்க வேண்டும். ஓடுவது முன்னால். ஆனால் காயைக் கூட்டாளிக்கு எறிவது பின்னால் மட்டும்தான். முன்னால் எறிந்தால் தப்பு. எதிராளி பிடித்து மண்ணோடு அமுக்கினால் எழுந்து மறுபடி ஆடலாம். ஆறாவது தடவையும் அமுக்கிவிட்டால் காயை மரியாதையாக எதிராளியிடம் கொடுத்துவிட வேண்டும். இதைக் கண்டுபிடித்தது யார் என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் அன்றைக்கு இலுப்பைப்பூவைக் கொஞ்சம் அதிகமாகத் தின்றிருக்க வேண்டும். ஆனால் காடே அந்த ஆட்டத்துக்குப் பைத்தியமாகக் கிடந்தது.

ஊற்றுப்பாறைச் சங்கத்துக்கு முதலாளி கிடையாது. வருஷத்துக்கு ஒரு நாள் மைதானத்தில் கல் பொறுக்கினால் நீங்கள் உறுப்பினர். ஆற்றங்கரைச் செஞ்சேற்றில் ஒருமுறை புரண்டு எழுந்தால் அதுதான் சீருடை. முயலில் ஆரம்பித்து யானை வரை நானூறு சொச்சம் பேர் இப்படிச் சேர்ந்திருந்தார்கள். அணித் தலைவன் மொக்கையன் என்கிற காட்டுப்பன்றி. அவனுக்குச் சங்கம்தான் உயிர். பெண் பார்க்கப் போன இடத்தில் மைதானத்தின் வடிகால் பற்றி ஒரு மணி நேரம் பேசினான். பெண் வீட்டார் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள். அவனுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை, அவர்களுக்கு வடிகால் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்பதைத் தவிர.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் ஊற்றுக்கரையில் கூடுவார்கள். அதற்குக் காரணக் கூட்டம் என்று பெயர். தோற்றதற்கு யார் காரணம் என்று பேசி முடிவெடுப்பார்கள். காரணமானவர் மூன்று நாளைக்கு எல்லோருக்கும் கடைசியாகத்தான் தண்ணீர் குடிக்க வேண்டும்.

ஊற்றுப்பாறை மூன்று வருஷத்தில் ஒரே ஒரு ஆட்டம்தான் ஜெயித்திருந்தது. அதுவும் எதிரணி வழி தெரியாமல் வேறு காட்டுக்குப் போய்விட்டதால். ஆகவே காரணமாகாத ஆளே சங்கத்தில் பாக்கியில்லை. முயலுக்கும் உடும்புக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. யானையைக் கண்டால் கீரி முகத்தைத் திருப்பிக்கொள்ளும், யானை அதைக் கவனிக்காவிட்டாலும். எல்லாவற்றையும்விடப் பெரிய கொடுமை, மொக்கையனும் அவன் உயிர்நண்பனான சித்திரவேல் என்ற கடமானும் போன ஆடியிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பேசாதவனுக்குக் காயை எறிய யாருக்கு மனசு வரும்? ஒவ்வொருவரும் தானே தூக்கிக்கொண்டு ஓடி, தானே விழுந்து, மறுபடியும் தோற்றார்கள்.

இந்த நிலைமையில்தான் பனங்காய்ப் பேரவை அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. இருபத்திரண்டு கட்டங்கள். பூர்த்தி செய்து கொடுக்காத சங்கத்தின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்று கீழே அச்சடித்திருந்தது. மொக்கையன் பதைபதைத்து ஓடினான். இரண்டு நாள் வரிசையில் நின்றான். மூன்றாம் நாள் ஜன்னலுக்குப் பின்னால் முள்ளம்பன்றி குமாஸ்தா தெரிந்தார்.

"பதினாலாம் கட்டம் காலியா இருக்கே?" என்றார் குமாஸ்தா.

"அது என்ன கட்டம்ங்க?"

"படிச்சுப் பாருங்க. நஷ்டம் வந்தால் ஏற்றுக்கொள்பவர் பெயர்."

"நாங்க எல்லாருமேதான் ஏத்துக்கிறோம்ங்க. நானூத்திச் சொச்சம் பேர்."

"ஒரு பேர் எழுதத்தான் இடம் விட்டிருக்கு. நானூறு பேர் எழுதணும்னா நானூறு படிவம் வாங்கணும். நானூறு படிவம் கொடுத்தா நானூறு சங்கம்னு ஆயிடும். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு முதலாளியோட வாங்க." பிறகு மேஜையைத் தடவிப் பார்த்துவிட்டு, "எழுத ஏதாவது முள் வச்சிருக்கீங்களா? இந்த ஆபீசுல ஒரு பொருள் வச்ச இடத்துல இருக்காது" என்றார்.

மொக்கையன் அவர் முதுகைப் பார்த்தான். காரியம் ஆக வேண்டுமே என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தான்.

முதலாளி என்று தேடினால் அந்தக் காட்டில் ஒருவர்தான் இருந்தார். தேன் மொத்த வியாபாரி கரடியார் தணிகாசலம். ஏழு மலைத் தேனடைகளும் அவருடையவை. அவரிடம் இல்லாத பொருள் கிடையாது. ஆனால் வழியில் பார்க்கிறவர்கள் யாரும் அவரை நிறுத்தி நலம் விசாரிப்பதில்லை. அந்தக் குறை அவருக்கு ரொம்ப நாளாக இருந்தது.

"சங்கம் எனக்கே சொந்தமா?" என்று கேட்டார்.

"ஆமா முதலாளி" என்றான் மொக்கையன்.

"நஷ்டம் வருமா?"

"வராத வருஷமே கிடையாது முதலாளி."

"அப்போ பெரிய மனுஷங்க செய்ற காரியம்தான்" என்று கரடியார் மகிழ்ந்துபோய்ப் பதினாலாம் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். சங்கம் பிழைத்தது. மொக்கையன் வீட்டுக்குப் போய்த் தேம்பித் தேம்பி அழுதான்.

காசு போட்டவர் சும்மா இருப்பாரா? மறுநாளே சங்கத்தின் பெயர் 'தணிகாசலம் தேன் ஊற்றுப்பாறை' என்று மாறியது. செஞ்சேறு பட்டிக்காட்டுத்தனம் என்று சொல்லி, கரடி நிறத்தில் கரியைப் பூசிக்கொள்ளச் சொன்னார். ஆடுகிறவர்கள் பாதி நேரம் தும்மினார்கள். வாசலில் கட்டைவிரல் ரேகை பார்க்கும் மிஷின் வந்தது. ரேகை உள்ள கட்டைவிரல் இருந்தது ஒரு குரங்குக்குத்தான். அது வாசலிலேயே உட்கார்ந்து வருகிறவர் எல்லோருக்காகவும் தன் விரலை வைத்தது. அன்றைய பதிவேட்டின்படி ஆட்டம் பார்க்க வந்தவை நானூற்றுப் பன்னிரண்டு குரங்குகள்.

முதல் ஆட்டத்துக்கு முன் கரடியார் மொக்கையனைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, காயை ஏன் பின்னால எறியிறீங்க? நான் சங்கம் முன்னேறணும்னுதானே காசு போட்டேன்?"

"அதுதான் ஆட்டம் முதலாளி."

"ஆறு தடவை விழுந்தா எதிராளிகிட்டக் கொடுக்கணுமாமே? அது நான் வாங்கின காய்ப்பா!"

அன்றைக்கு ஆறாவது தடவை அமுக்கப்பட்டதும் கரடியாரே மைதானத்துக்குள் இறங்கி, காயைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நடுவர் நாரை எவ்வளவோ சொல்லிப் பார்த்தது. கடைசியில் ஊற்றுப்பாறைக்குத் தோல்வி என்று அறிவித்துவிட்டுப் பறந்துபோனது.

அன்றைய காரணக் கூட்டத்தில் வழக்கம்போல எல்லோரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முயல்தான் முதலில் வாயைத் திறந்தது.

"நான் சொன்னா யாரும் தப்பா எடுத்துக்கக் கூடாது. இன்னிக்கு யாரு மேலயும் தப்பில்ல. அந்தக் கரடியாலதான் தோத்தோம்."

உடும்பு, "கரெக்ட்!" என்றது. முயல் சொன்னதை உடும்பு ஒப்புக்கொண்டது மூன்று வருஷத்தில் அதுதான் முதல் தடவை. "கரி வேற!" என்றது கீரி. "மிஷின் வேற!" என்றது யானை. கீரியும் யானையும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். எப்போதும் பொழுது சாயும் வரை இழுக்கும் கூட்டம் அன்றைக்குக் கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. காரணமானவர் ஊற்றுக்கே வராதவர் என்பதால் யாரும் கடைசியாக நிற்கத் தேவையில்லை. எல்லோரும் ஒன்றாகத் தண்ணீர் குடித்தார்கள்.

சித்திரவேல் மெதுவாக மொக்கையன் பக்கத்தில் வந்து நின்றான்.

"மாப்ளே, அந்தாளு காயை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு பாத்தியா?"

"அதைப் பேசாதடா, வயிறு எரியுது" என்றான் மொக்கையன். சொல்லிவிட்டுச் சிரித்தான். இரண்டு பேரும் வயிறு வலிக்கிற வரைக்கும் சிரித்தார்கள். அன்றைக்கு மொக்கையனுக்கு இருந்த சந்தோஷத்தை எழுதி முடியாது.

அப்புறம் அதிசயம் நடந்தது. பேச ஆரம்பித்தவர்கள் காயை எறியவும் ஆரம்பித்தார்கள். மொக்கையன் முட்டிக்கொண்டு போய்ப் பின்னால் பார்க்காமலே எறிவான், சித்திரவேல் அங்கே இருப்பான். அடுத்த ஆட்டத்தில் ஜெயித்தார்கள். அதற்கடுத்ததிலும் ஜெயித்தார்கள். ஜெயித்த அன்றும் காரணக் கூட்டம் நடந்தது. வழக்கத்தை விட முடியுமா? "கரடி மட்டும் இல்லேன்னா இன்னும் ரெண்டு மடங்கு ஜெயிச்சிருப்போம்" என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். 'கரடியே வெளியேறு' என்று மரப்பட்டையில் பெரிதாக எழுதி மைதான வாசலில் மாட்டினார்கள். எழுதியது மொக்கையன். பட்டையைப் பிடித்துக்கொண்டது சித்திரவேல்.

மழைக்காலம் வந்தது. பேரவைப் படிவத்தைப் பருவத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டுமாம்; அதற்குக் கடைசி நாளும் வந்தது. அன்று இறுதி ஆட்டம். காலையில் கரடியார் மொக்கையனின் புதருக்கே வந்துவிட்டார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"மொக்கையா, நீயே சங்கத்தை வச்சுக்கப்பா. ஒரு பைசா வேணாம். நான் வெளியேறிடுறேன். அதானே கேட்டீங்க?"

மொக்கையனுக்கு முதலில் வாயெல்லாம் பல்லானது. 'ஜெயிச்சிட்டோம்' என்று துள்ளினான். துள்ளிய கால் தரையில் படுவதற்குள் பதினாலாம் கட்டம் ஞாபகம் வந்தது. அதுகூடப் பரவாயில்லை. இன்று தோற்றால் கூட்டத்தில் யார் பெயர் வரும்? போன ஆட்டத்தில் காயை நழுவவிட்டது சித்திரவேல். இன்றைக்கும் நழுவவிட்டால்? ஆடி மாதத்திலிருந்து தனியாகத் தண்ணீர் குடித்த நாட்கள் கண்முன்னே வந்தன. மொக்கையன் கரடியார் காலில் தடாலென்று விழுந்தான்.

"முதலாளி! போகாதீங்க முதலாளி!"

"வாசல்ல பட்டையில எழுதி மாட்டினது நீதானேப்பா?"

"அது ஒரு பாசத்துல எழுதினது முதலாளி. நீங்க போயிட்டா நாங்க யாரைத் திட்டுவோம்? எங்களுக்குள்ளயே திட்டிக்கிட்டுச் செத்துப்போவோம்."

கரடியார் கல்லில் உட்கார்ந்தார். "நான் நஷ்டத்துக்காகப் போகலப்பா" என்றார். "முதலாளி மேடையில ஒத்தையா உக்காந்திருக்கேன். சத்தம் போட்டா மரியாதை இல்லேங்கிறாங்க. எதிர்ல நீங்க நானூறு பேரும் ஒண்ணா நின்னு திட்டுறீங்க. தோள்ல கை போட்டுக்கிறீங்க. வேர்க்கடலையைப் பங்கு போட்டுத் திங்கிறீங்க. அதைப் பாக்கப் பாக்க எனக்கு ஏக்கமா இருக்கு. நானும் யாரையாவது அப்படித் திட்டணும்னு ஆசையா இருக்கு."

மொக்கையன் தலை நிமிர்ந்தான்.

"இவ்வளவுதானே முதலாளி? எங்க பக்கம் வந்து நில்லுங்க."

"வந்து?"

"முதலாளியைத் திட்டுங்க."

அன்று மாலை மைதானம் நிரம்பி வழிந்தது. நானூற்றுப் பதின்மூன்று குரங்குகள் என்று பதிவாகியிருந்தது. முதலாளி மேடையில் ஒரு காலி நாற்காலி. மேடைக்கு எதிரே நின்ற சங்கத்துக் கூட்டத்தில் முயலுக்கும் யானைக்கும் நடுவில் கரடியார், உடம்பெல்லாம் செஞ்சேறு. முதலில் கூச்சத்தோடு ஒருமுறை "முதலாளி ஒழிக" என்றார். முயல் அவருக்குக் கொஞ்சம் வேர்க்கடலை கொடுத்தது. அரை மணி நேரத்தில் அவர் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது.

ஆட்டம் முடிய நான்கு நிமிஷம். மொக்கையன் எறிந்த காய் சித்திரவேலின் கொம்பில் பட்டு நழுவி எதிராளியிடம் போனது. இறுதி ஆட்டம் கைவிட்டுப் போயிற்று. சித்திரவேல் பயந்துபோய்த் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். கூட்டம் முழுக்க அவன் பக்கம் திரும்பியது.

"சித்திரவேலு என்ன பண்ணுவான் பாவம்!" என்று கரடியாரின் குரல் எழுந்தது. "காய் வழவழன்னு இருந்தா யாராலதான் பிடிக்க முடியும்? இப்படி ஒரு காயை வாங்கிப் போட்ட கஞ்சப்பயல் யாருன்னு கேளுங்க!"

மைதானம் அதிர்ந்தது. நானூறு பேரும் காலி நாற்காலியைப் பார்த்துக் கத்தினார்கள். மொக்கையன் ஓடிப்போய்ச் சித்திரவேலைக் கட்டிக்கொண்டான்.

அந்தச் சந்தடியில் முள்ளம்பன்றி குமாஸ்தா படிவத்தோடு வந்து சேர்ந்தார். அலுவலக நேரம் முடியப் பத்து நிமிஷம்தான் இருந்தது. தொண்டை கட்டிப்போய் நின்ற ஒரு செஞ்சேற்று ஆசாமியைத் தட்டிக் கூப்பிட்டார்.

"ஏங்க, இந்தச் சங்கத்து முதலாளி எங்கே? பதினாலாம் கட்டத்துல கையெழுத்து வேணும்."

"அந்த மடையனா?" என்றார் கரடியார். "அவன் எங்க வருவான்! இங்க குடுங்க, நான் போடுறேன்."

போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து கத்த ஆரம்பித்தார்.

நீதி: ஊர்ச் சொத்தை ஒருத்தன் பேருக்கு எழுதிக் கொடுக்காதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கதையை ஆரம்பித்தேன். இப்போது சொல்கிறேன், தாராளமாக எழுதிக் கொடுங்கள். எல்லோரும் ஒற்றுமையாகத் திட்டுவதற்குத் தன் செலவில் ஒருத்தன் அகப்படுவது சாமானியமான விஷயமில்லை.